யு/ஏ 13+ படத்துக்கு 8 வயசு குட்டியைக் கூட்டிட்டுப் போகலாமா?

பொங்கல், தீபாவளி வந்தால் மதுரை தியேட்டர்களில் குடும்பக் கூட்டம்தான். மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டியில் இருந்தெல்லாம் பிள்ளைகுட்டியோட வருவாங்க. மொபைல்ல டிக்கெட் புக் பண்ணும்போது எந்த ரோ, என்ன ரேட்னு பார்க்கிற நாம, படத்தின் பெயருக்குப் பக்கத்தில் இருக்கிற அந்தச் சின்ன எழுத்தைக் கவனிக்கிறோமா?

அந்த எழுத்துக்கு என்ன அர்த்தம்?

'யு' என்றால் எல்லோரும் பார்க்கலாம். முன்பு 'யு/ஏ' என்பது ஒரே பிரிவாக இருந்தது. 2023-ல் சட்டம் திருத்தப்பட்டு, 2024-ல் புது விதிகள் வந்தபிறகு அது 7+, 13+, 16+ என மூன்றானது.

இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். யு/ஏ 13+ படத்துக்கு 8 வயசுக் குழந்தை உங்களோடு வந்தால் யாரும் தடுக்க மாட்டாங்க. ஏன்னா அது தடை இல்லை, உங்களுக்கான எச்சரிக்கை. முடிவு உங்க கையில்!

'ஏ' அப்படியல்ல. அம்மா அப்பா கூடவே வந்தாலும் 18 வயசுக்குக் கீழே அனுமதி இல்லை. 2025 ஆகஸ்ட்டில் ரஜினியின் 'கூலி' 'ஏ' சான்றிதழோடுதான் வந்தது. யு/ஏ கேட்டு தயாரிப்பு நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. மனு தள்ளுபடி ஆனது. 'தலைவர் படம்தானே' என்று நம்பிப் போகமுடியாது என்பதற்கு இதுவே உதாரணம்.

வீட்டில் பார்த்தால்?

ஓ.டி.டி-யில் வயது வரம்பை அந்தந்தத் தளமே முடிவு செய்கிறது. வன்முறை, கெட்ட வார்த்தை என்று காரணமும் போட்டிருக்கும், படிங்க. 13+ மற்றும் அதற்கு மேற்பட்டவற்றுக்கு லாக் வசதி தர வேண்டும் என்பது 2021 விதி. செட்டிங்ஸில் போய் பின் நம்பர் போட்டுடுங்க. 'டி.வி-யில பார்த்த படம்தானே' என்று விட்டுவிடாதீர்கள். அங்கே வெட்டிய காட்சிகள் இங்கே இருக்கலாம்.

அஞ்சு நிமிஷ செக்!

* ஐ.எம்.டி.பி-யில் 'பேரன்ட்ஸ் கைடு' பாருங்க. வன்முறை, போதை, பயமுறுத்தும் காட்சிகள் எனத் தனித்தனியாக இருக்கும். பார்த்தவர்கள் எழுதுவது என்பதால், புதுப் படத்துக்குச் சில நாள் பொறுங்க.

* பார்த்துட்டு வந்த ஃப்ரெண்டிடம் 'படம் எப்படி?' என்று கேட்காமல், 'ரத்தம் எவ்ளோ? குழந்தைக்கு ஏதாவது ஆகுற சீன் இருக்கா?' என்று கேளுங்க.

* கூட வர்றவங்களில் கடைக்குட்டியின் வயசை வைத்து முடிவெடுங்க.

* சில குழந்தைகளுக்கு அடிதடி பிரச்னையில்லை, பேய்தான் பயம். சிலருக்கு சத்தமே ஆகாது. உங்க குழந்தையை உங்களைவிட சென்சார் போர்டுக்குத் தெரியாது.

இவ்வளவு பார்த்தும் தப்பலாம். குழந்தை காதைப் பொத்திக்கிட்டு மடியில் முகத்தைப் புதைச்சா, 'இன்னும் கொஞ்ச நேரம்தான்' என்று சமாளிக்காதீங்க. எழுந்து வெளியே வந்துடுங்க. டிக்கெட் காசு போனா போகுது. ராத்திரி அவன் நிம்மதியா தூங்கட்டும்.