விளையாட்டுப் பெட்டிக்கு மேலதிக வரண்டி தேவைதானா?

பிள்ளைகளின் நச்சரிப்புத் தாங்காமல் வீடியோ கேம் பெட்டி வாங்கப் போகிறீர்கள். விலை பேசி முடிந்ததும் கடைக்காரர், "இன்னும் கொஞ்சம் கட்டினால் மேலதிகமாக ஒரு வருட வரண்டி தருவோம்" என்பார். உடனே தலையாட்டிவிடாதீர்கள். அந்தத் தாளை வாங்கி வாசியுங்கள்.

ஈரம், துரு, மின்னழுத்தக் கோளாறு, கீழே விழுந்த உடைவு ஆகியவற்றுக்குப் பொறுப்பில்லை என்று பெரும்பாலும் பொடி எழுத்தில் இருக்கும். எருக்கலம்பிட்டியிலும் தலைமன்னாரிலும் உப்புக்காற்று நுழையாத வீடு ஏது? உம்மாவின் தையல் மெஷினே துருப்பிடிக்கிறதே! நமது ஊரில் எதனால் பெட்டி பழுதாகுமோ அதையே விலக்கிவிட்டு, மற்றதற்குக் காசு கேட்கிறார்கள்.

திருத்துமிடம் கொழும்பில் என்றால், ஏறத்தாழ 300 கிலோமீற்றர் அனுப்பும் செலவு யாருடையது என்பதையும் கேளுங்கள்.

தயாரிப்பிலேயே குறையென்றால் கதை வேறு. எக்ஸ்பொக்ஸ் 360 பெட்டிகள் ஏராளமாகப் பழுதானபோது, 2007இல் மைக்ரோசொஃப்ட் நிறுவனம் அந்தப் பழுதுக்கான வரண்டியை இலவசமாகவே மூன்று வருடமாக்கியது.

வெளிப்படையாகவோ உட்கிடையாகவோ தந்த உத்தரவாதத்துக்குப் பொருந்தாத பொருளை விற்றால், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையிடம் எழுத்தில் முறையிடலாம். வாங்கி மூன்று மாதத்துக்குள் முறையிட வேண்டும். ஆகவே பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள்.

மேலதிக வரண்டிக்குக் கேட்ட தொகையை உண்டியலில் போட்டு வைத்தால், ஜொய்ஸ்ரிக் தேயும்போது கைகொடுக்கும். விளையாடி முடிந்து சூடு ஆறியதும் பெட்டியைத் துணியால் மூடுங்கள். இடி மின்னலென்றால் பிளக்கைக் கழற்றிவிடுங்கள்.