மூடுபனியை எடைபோடும் மாணவர்கள்

ஆப்பிரிக்காவின் தென்மேற்குக் கரையில், அட்லாண்டிக் பெருங்கடலையொட்டி நீண்டு கிடக்கிறது நமீப் பாலைவனம். அதனுள், கடலிலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில், குயிசெப் என்னும் வறண்ட ஆற்றின் கரையில் அமைந்துள்ளது கோபாபெப் ஆய்வு நிலையம். வண்டுகளை ஆராய வந்த ஆஸ்திரிய அறிஞர் சார்லஸ் கோக் 1962ஆம் ஆண்டில் நிறுவியது. நமீபியாவின் கல்லூரி மாணவர்கள் இங்கே தங்கிச் சூழலியல் பயில்கிறார்கள்.

உயிரினங்களைப் பற்றிப் படிக்கப் பாலைவனமா என்று வாசகர்கள் வியக்கலாம். அடர்ந்த காட்டில் எந்த உயிர் எதனால் வாழ்கிறது என்று பிரித்தறிவது பெரும்பாடு. கோபாபெப்பில் ஓர் ஆண்டின் சராசரி மழை 25 மில்லிமீட்டர் அளவே. நல்ல மழையானால் ஒரு மணி நேரத்தில் கொட்டித் தீர்த்துவிடும் நீர்! ஆகவே கண்ணில் படும் ஒவ்வோர் உயிரைப் பற்றியும் மாணவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி ஒன்றுதான்: இதற்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

நிலையத்தின் தெற்கே மணற்குன்றுகள். வடக்கே சரளைச் சமவெளி. இடையே பசுங்கோடாய் ஆற்றோர மரங்கள். ஆற்றில் ஆண்டில் சில நாள்களே வெள்ளம் வரும். அச்சில நாள் வெள்ளம்தான் முன்னேறி வரும் மணலை அடித்துச் சென்று, குன்றுகள் வடக்கே தாண்டாமல் காக்கிறது.

மழை பொய்த்தாலும் மூடுபனி பெரும்பாலும் பொய்ப்பதில்லை. கடற்காற்று அதைச் சுமந்து வரும் விடியற்காலைகளில், பகலில் மட்டுமே நடமாடும் ஒரு கருவண்டு குளிரையும் பொருட்படுத்தாமல் மணலுக்குள்ளிருந்து வெளிவருகிறது. குன்றின் உச்சிக்கு ஏறிக் காற்றை நோக்கித் தலைகீழாக நிற்கிறது. முதுகில் படியும் பனித்துளிகள் வழிந்து வாய்க்கு வருகின்றன. 1970இல் நிலையத்தின் பொறுப்பை ஏற்ற மேரி சீலி அம்மையாரும் வில்லியம் ஹாமில்டனும் இதை 1976இல் உலகுக்கு அறிவித்தார்கள். பனிக்கு முன்னும் பின்னும் எடைபோட்டுப் பார்த்ததில், சில வண்டுகள் தம் எடையில் மூன்றில் ஒரு பங்களவு நீரைக் குடித்திருந்தன.

நமீப் வண்டுகள் எல்லாம் இப்படி நீர் அருந்துவதாகவே பல ஏடுகள் எழுதிவிட்டன. நான்கு இனங்களை ஒப்பிட்டு 2010இல் வெளியான ஆய்வில் தலைகீழாக நின்றது ஓர் இனம் மட்டுமே. முதுகின் அமைப்பைவிட அந்தப் பழக்கமே முக்கியம் என்று தெரிந்தது. மணலில் புதைத்த குவளையில் விழும் வண்டுகளை இனம் பிரித்து, எண்ணி, உயிரோடு விட்டுவிடும் மாணவருக்கு இத்தகைய வேறுபாடு எளிதில் புலப்படும். எண்ணுவது சலிப்பூட்டும் வேலைதான். ஆனால் அதற்கு மாற்று வழி இல்லை.

வண்டுக்குப் பனி, நாராச் செடிக்கோ நிலத்தடி நீர். வெள்ளரிக் குடும்பத்தைச் சேர்ந்த இச்செடிக்கு இலைகளே இல்லை. பச்சைத் தண்டும் முட்களுமே உணவு தயாரிக்கின்றன. வேர் ஆழத்திலுள்ள நீரைத் தேடி இறங்குகிறது. ஆற்றங்கரையில் வாழும் டாப்னார் மக்கள் தலைமுறை தலைமுறையாக இதன் பழங்களைச் சேகரிக்கிறார்கள். சதையைக் காய்ச்சி உண்கிறார்கள். விதைகளை உலர்த்தி விற்கிறார்கள். எந்தப் புதர் முன்பு காய்த்தது, எது பட்டுப்போனது என்பதை அவர்களைக் கேட்டே மாணவர்கள் அறிய வேண்டியிருக்கிறது. எந்தப் பாடநூலிலும் அது இல்லை.

1990இல் நமீபியா விடுதலை பெற்றது. அதுவரை இங்கே ஆராய்ந்தவர்களில் பெரும்பாலோர் வெளியிலிருந்து வந்தவர்களே. அதே ஆண்டில் தோன்றிய நமீபியப் பாலைவன ஆய்வு அறக்கட்டளை, உள்நாட்டு மாணவர்களை விடுமுறையில் குழுவாக அழைத்துச் சென்று, நிலம் ஏன் பாழாகிறது என்பதைக் கிராம மக்களிடையே ஆராயச் செய்தது. தம் நாட்டு நிலத்தைத் தாமே அளக்கும் வாய்ப்பு அவ்விளைஞர்களுக்கு அப்போதுதான் கிட்டியது.

அந்த அளவையில் சங்கடமான கணக்கு ஒன்றும் உண்டு. வால்விஸ் பே துறைமுக நகரத்தின் குடிநீருக்கும் இதே ஆற்று மணலின் அடியிலுள்ள நீரே ஆதாரம். மேற்பகுதிப் பண்ணைகளின் அணைகளோ வெள்ளத்தின் ஒரு பகுதியை முன்பே தடுத்துவிடுகின்றன. நகரத்தாருக்கும் தாகம் உண்டு. அவர்களைக் குறைசொல்லிப் பயனில்லை. ஆனால் நீர்மட்டம் வேருக்கு எட்டாத ஆழத்திற்கு இறங்கினால், நாரா வாடும். விதை விற்கும் குடும்பத்தின் வருவாயும் அதனுடன் போகும். வெள்ளம் வந்து போன ஆண்டில் கிணற்று நீர் எவ்வளவு உயர்ந்தது, வராத ஆண்டில் எவ்வளவு தாழ்ந்தது என்பதை அளந்து எழுதி வைத்தால்தான் இருதரப்பாரும் அமர்ந்து பேசுவதற்கு ஒரு கணக்கு கிடைக்கும்.