ஒல்லாந்தர் ஆளாத மலையில் ஒல்லாந்துச் சட்டம்! தெரியுமா உங்களுக்கு?

ஐரோப்பியச் சட்டமும் ஒப்பீட்டுச் சட்டமும் படிக்க வேண்டுமென்றால் லெய்டனுக்கோ பாரிசுக்கோ விமானம் ஏற வேண்டும் என்றுதானே நினைக்கிறோம்? பரிமாற்ற மாணவராகப் போக இடம் கிடைத்த அதிர்ஷ்டசாலிகளே, பெட்டி கட்டுமுன் கண்டியிலிருந்து தலாத்துஓயா, மாரஸ்ஸன பக்கமாக ஹேவாஹெட்டவுக்கு ஒரு பஸ் ஏறிப் பாருங்கள். நீங்கள் தேடிப் போகும் பாடத்தில் பாதி அந்த மலையிலேயே நடந்துகொண்டிருக்கிறது!

ஆளாதவர்களின் சட்டம் மலை ஏறியது தெரியுமா?

ஒல்லாந்தர் இலங்கையின் கரையோரத்தை ஆண்டார்கள். கண்டி இராச்சியம் கடைசிவரை அவர்கள் கைக்குள் நிற்கவில்லை. 1765இல் ஆளுநர் வான் எக்கின் படை கண்டி நகருக்குள் புகுந்தது. சில மாதங்களிலேயே வந்த வழியே இறங்கிப் போய்விட்டது. அப்படியானால் ஒல்லாந்துச் சட்டத்தை மலைக்குக் கொண்டுவந்தது யார்? ஆங்கிலேயர்! 1799 செப்டெம்பர் 23ஆம் திகதிப் பிரகடனத்தில், கரையோரத்தில் ஒல்லாந்தர் காலத்துச் சட்டமே தொடரும் என்றார்கள். 1815 மார்ச் 2ஆம் திகதிக் கண்டி ஒப்பந்தத்தில், கண்டியரின் பழைய நீதிமுறையைக் காப்போம் என்று வாக்குக் கொடுத்தார்கள். பிறகு 1852ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் வந்தது: கண்டியச் சட்டம் எதுவும் சொல்லாத இடத்தில் கரையோரச் சட்டத்தைப் பார்! வாளோடு வந்தபோது நிலைக்காத ஒல்லாந்து, இன்னொருவரின் காகிதத்தில் ஏறி வந்து நிலைத்துவிட்டது.

தாய்நாட்டில் செத்தது, இங்கே உயிரோடு இருப்பது தெரியுமா?

உரோமச் சட்டமும் ஒல்லாந்து வழக்கங்களும் கலந்து உருவானதே உரோம-ஒல்லாந்துச் சட்டம். நெதர்லாந்தில் அது 1809இலேயே முடிந்த கதை! நெப்போலியனின் தம்பி லூயி அங்கே அரசனாக இருந்தபோது பிரெஞ்சுப் பாணிச் சட்டக்கோவை வந்து பழையதைத் துடைத்துப்போட்டது. அதன் பின் 1838இல் நெதர்லாந்து தனக்கென்று ஒரு குடியியல் சட்டக்கோவையை எழுதிக்கொண்டது. ஆகவே லெய்டனில் சட்ட வரலாறு என்று படிப்பதை இலங்கையிலும் தென்னாப்பிரிக்காவிலும் நீதிபதி இன்றும் மேற்கோள் காட்டுகிறார்.

சிறைக்குள் எழுதிய நூல் புதுக்கடையில் பேசப்படுவது தெரியுமா?

அந்தச் சட்டத்தின் ஆதார நூல்களில் ஒன்றை ஒல்லாந்துச் சட்ட அறிஞர் ஹியூகோ குரோசியஸ் எழுதியது லூவஸ்டைன் கோட்டைச் சிறையில்! ஆயுள் தண்டனை பெற்றவருக்குப் புத்தகங்கள் ஒரு பெரிய பெட்டியில் வந்து போயின. 1621 மார்ச்சில் மனைவி மரியா அந்தப் பெட்டிக்குள் கணவரையே வைத்துப் பூட்டி வெளியே அனுப்பிவிட்டார். காவலர்கள் சுமந்துபோனது புத்தகம் என்றே நினைத்தார்கள்! நூல் 1631இல் அச்சேறியது. கொழும்பு புதுக்கடை நீதிமன்றங்களில் சட்டத்தரணிகள் அவர் பெயரைச் சொல்லி வாதாடுகிறார்கள்.

ஹேவாஹெட்டச் சொத்துக்கு வட ஒல்லாந்து பதில் சொல்வது தெரியுமா?

இதைக் கேட்டால் நம்பமாட்டீர்கள். தோட்டத்து லயத்தில் பிறந்து, உழைத்து, சிறு காணி வாங்கிய ஒரு தமிழர் மரண சாசனம் எழுதாமலே கண்மூடினால் சொத்து யாருக்கு? வடமாகாணத் தமிழருக்குரிய தேசவழமை அவருக்குப் பொருந்தாது. கண்டியச் சட்டமும் பொருந்தாது. நாட்டின் பொதுச் சட்டமான 1876ஆம் ஆண்டின் விவாக உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச்சட்டமே செல்லும். உயிரோடிருக்கும் துணைக்குப் பாதி. மிச்சத்தில் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு. சரி, இந்தச் சட்டமும் பதில் சொல்லாத சிக்கல் வந்தால்? 40ஆம் பிரிவைப் பாருங்கள்: வட ஒல்லாந்தில் வழங்கிய உரோம-ஒல்லாந்துச் சட்ட விதிகளைப் பின்பற்று! தென் ஒல்லாந்து விதி வேறு. அது செல்லாது, வட ஒல்லாந்துதான். ஆம்ஸ்டர்டாம் இருக்கும் பக்கத்து வழக்கம் நம் தேயிலை மலையில் பங்கு பிரிக்கிறது!

ஒரே கடைவீதி, மூன்று மகள்கள், மூன்று சட்டம்! தெரியுமா?

கண்டியச் சிங்களக் குடும்பத்து மகள் 'தீக' முறையில் மணந்து கணவன் வீட்டுக்குப் போனால், தகப்பன் வழிக் காணியில் அவளுக்கான பங்கு போய்விடும். 'பின்ன' முறையில் மாப்பிள்ளை இவள் வீட்டுக்கு வந்தால் பங்கு நிற்கும். பின்ன மாப்பிள்ளை எந்நேரம் வெளியேற்றப்பட்டாலும் புறப்பட வசதியாகக் கைத்தடியும் தாளிப்பனை ஓலையும் பந்தமும் வாசலில் தயாராக வைத்திருக்க வேண்டும் என்று பழைய வழக்கு ஒன்று உண்டு! பக்கத்து வீட்டுத் தமிழ் மகளுக்குச் சகோதரனோடு சம பங்கு. எதிர்க் கடை முஸ்லிம் மகளுக்கு இஸ்லாமிய வாரிசுரிமை. விவாகம், விவாகரத்துக்கு 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டமும் காதி நீதிமன்றமும்.

விவாகரத்திலோ இன்னும் அதிசயம்! 1952ஆம் ஆண்டின் 44ஆம் இலக்கக் கண்டிய விவாகச் சட்டத்தின்படி, இருவரும் சம்மதித்தால் மாவட்டப் பதிவாளரிடமே பிரிந்துகொள்ளலாம். பொதுச் சட்டத்தில் மணந்தவர்கள் மாவட்ட நீதிமன்றம் ஏறி, யார் குற்றவாளி என்று நிரூபிக்க வேண்டும். ஐரோப்பாவைப் பாருங்கள்: இத்தாலியில் விவாகரத்தே 1970இல்தான் வந்தது. மால்ட்டாவில் 2011 வரை கிடையாது!

ஜோன் லொக் ஹேவாஹெட்ட மன்னனைப் படித்தது தெரியுமா?

1660இல் இலங்கையில் பிடிபட்டு, 1679இல் தப்பியோடிய ஆங்கிலேயர் ரொபர்ட் நொக்ஸ் 1681இல் லண்டனில் ஒரு நூல் வெளியிட்டார். கண்டி இராச்சியத்தின் வழக்குகள், தண்டனைகள், ஆட்சிமுறை எல்லாம் அதில் உண்டு. அப்போது மன்னன் இரண்டாம் இராஜசிங்கன் குடியிருந்தது கண்டியில் அல்ல, ஹேவாஹெட்டப் பகுதியின் ஹங்குரன்கெத்தப் பக்க அரண்மனையில்! ஐரோப்பிய அரசியலமைப்புச் சிந்தனையின் அடிக்கற்களில் ஒன்றான 'அரசாங்கம் பற்றிய இரு ஆய்வுரைகள்' நூலை ஆங்கிலேய மெய்யியலாளர் லொக் எழுதினார். கட்டுப்பாடற்ற மன்னராட்சி எப்படியிருக்கும் என்று அறிய வேண்டுமா, அண்மையில் வந்த இலங்கை பற்றிய நூலைப் பார் என்று இரண்டாம் ஆய்வுரையின் 92ஆம் பத்தியில் கைகாட்டுகிறார். ஐரோப்பியரின் பாடத்தில் நம் மலை 17ஆம் நூற்றாண்டிலேயே இடம்பிடித்துவிட்டது!

உரோமாபுரி மாடும் மலைப்பாதை பஸ்ஸும் சொந்தம் என்று தெரியுமா?

கி.மு. 3ஆம் நூற்றாண்டில் உரோமில் அக்குவிலியச் சட்டம் வந்தது. அடுத்தவனின் அடிமையையோ மந்தை மிருகத்தையோ கொன்றால் எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பது அதன் முதல் அத்தியாயம். அதே சட்டத்தின் வழியில்தான் இன்று மலைப்பாதை வளைவில் கவனமின்றி ஓட்டிய பஸ்ஸின் மீதும் நட்டஈட்டு வழக்குப் போடுகிறார்கள்!

இன்னொன்று: உண்மைப் பெறுமதி அறியாமல் காணியைப் பாதி விலைக்கும் குறைவாக விற்று ஏமாந்தவர் அந்த விற்பனையை உடைக்கக் கேட்கலாம். உரோமப் பேரரசன் டயோக்லீஷியனின் பெயரில் ஜஸ்டினியன் தொகுப்பில் வரும் விதி இது. தென்னாப்பிரிக்கா இதை 1952இல் தூக்கி எறிந்தது. இலங்கை இன்னும் வைத்திருக்கிறது!

ஜேம்ஸ் டெய்லரும் ஒரு கலப்புச் சட்ட நாட்டவர் என்று தெரியுமா?

1867இல் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்ட டெய்லரை எல்லாரும் அறிவோம். அவர் இலங்கைக்கு வந்தது 1852இல், மேலே சொன்ன கட்டளைச்சட்டம் பிறந்த அதே ஆண்டில்! அவர் பிறந்த ஸ்கொட்லாந்தின் சட்டமும் உரோமச் சட்டமும் ஆங்கிலச் சட்டமும் கலந்த அச்சாறு. கலப்பிலிருந்து கலப்புக்கு வந்த மனிதர்.

தோட்டங்களுக்குக் காணி எப்படிக் கிடைத்தது என்பதும் சட்டக் கதையே. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம், காடும் தரிசும் ஆளில்லாத நிலமும் முடிக்குரியவை என்று அனுமானித்தது. கண்டிப் பகுதியில் சேனைப் பயிர் செய்த காணிக்குச் சன்னஸ் (அரச கொடைப் பத்திரம்) போன்ற அத்தாட்சி இல்லையா? அதுவும் முடிக்கே! ஓலைக்கும் வழக்கத்துக்கும் பழகிய கிராமத்தானிடம் எழுத்துச் சான்று கேட்ட அந்த ஒரு விதி, மலையின் முகத்தையே மாற்றிவிட்டது.

பேராதனையில் சட்டம் படித்த காலம் ஒன்று இருந்தது தெரியுமா?

பேராதனை என்றால் இன்று மருத்துவம், பொறியியல், விவசாயம் என்போம். ஆனால் 1949இல் கொழும்பிலிருந்து அங்கே முதலில் குடிபெயர்ந்த துறைகளில் ஒன்று சட்டம்! துணைவேந்தராக இருந்த ஐவர் ஜெனிங்ஸ் உலகறிந்த அரசியலமைப்புச் சட்ட அறிஞர். அவரும் யாழ்ப்பாணத் தமிழர் எச். டபிள்யூ. தம்பையாவும் சேர்ந்து 1952இல் இலங்கைச் சட்ட வளர்ச்சி பற்றி நூல் வெளியிட்டார்கள். தம்பையா தேசவழமைக்கும் நூல் எழுதினார், சிங்களச் சட்ட வழக்கங்களுக்கும் எழுதினார். இன்னொரு தமிழர், பேராசிரியர் த. நடராஜா, இலங்கைச் சட்ட முறைமையின் வரலாற்றை எழுதி 1972இல் வெளியிட்ட இடம் எது? லெய்டன்!

ஆனால் ஒப்பீட்டுச் சட்டத்தில் இவர்களுக்கு முன்னோடி ஒருவர் உண்டு. யாழ்ப்பாணத்தில் நீண்ட காலம் வாழ்ந்த ஒல்லாந்து அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ். முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்று தேசவழமையில் வரும் எல்லாவற்றையும் கேட்டறிந்து ஒல்லாந்து மொழியில் எழுதினார். அது தமிழாகி, 12 முதலிமார் பார்த்துச் சரி என்றார்கள். ஆண்டு 1707!

ஒரு மின்சாரக் கட்டணமும் ஒரு சம்பள உயர்வும் வரலாறு ஆனது தெரியுமா?

ஐரோப்பிய ஒன்றியச் சட்டம் படிக்கப் போகிறவருக்கு முதல் வாரத்திலேயே வரும் வழக்கு கொஸ்டா எதிர் எனெல். மின்சாரக் கம்பனியை இத்தாலிய அரசு தேசியமயமாக்கியதில் கோபம் கொண்ட மிலான் வழக்கறிஞர் ஒருவர், 2,000 லீராவுக்கும் குறைந்த மின்கட்டணத்தைக் கட்ட மறுத்தார். 1964இல் ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது: ஐரோப்பியச் சமூகத்தின் சட்டம் உறுப்பு நாட்டுச் சட்டத்துக்கு மேல்!

நம்மிடமும் ஒன்று உண்டு. கேகாலைக் கச்சேரித் தமிழ் எழுதுவினைஞர் கோடீஸ்வரன், சிங்களத் தேர்ச்சிப் பரீட்சை எழுத மறுத்தார். சம்பள உயர்வு நின்றது. வழக்குப் போட்டார். அரச ஊழியன் முடி மீது சம்பளத்துக்கு வழக்காட முடியாது என்றது உயர் நீதிமன்றம். 1969இல் லண்டன் கோமறைக் கழகம் திருப்பிப் போட்டது: இலங்கையில் முடி மீது ஒப்பந்த வழக்குப் போடும் உரிமை உரோம-ஒல்லாந்துச் சட்டம் தந்தது, ஆகவே வழக்காடலாம்! ஒல்லாந்துச் சட்டம் ஒரு தமிழ் எழுதுவினைஞருக்குக் கதவு திறந்ததை ஆங்கிலேய நீதிபதிகள் சொன்னார்கள்.

கொழுந்துக்கும் பிரசெல்ஸ் சட்டம் உண்டு என்று தெரியுமா?

ஐரோப்பாவுக்குப் போகும் தேயிலையில் பூச்சிமருந்து எச்சம் எவ்வளவு இருக்கலாம் என்று சொல்வது 396/2005 இலக்க ஐரோப்பிய ஒழுங்குவிதி. ஜீ.எஸ்.பி. பிளஸ் வரிச்சலுகை 2010இல் பறிபோய், 2017இல் திரும்பியதும் ஐரோப்பியச் சட்டத்தின்படிதான். அதைப் பெற 27 சர்வதேச உடன்படிக்கைகளை மதிக்க வேண்டும்!

டான்யூப் நதி வழக்கில் இலங்கைக் குளங்கள் பேசியது தெரியுமா?

ஹங்கேரிக்கும் ஸ்லோவாக்கியாவுக்கும் டான்யூப் அணைத் திட்டத்தில் சண்டை. ஹேக் சர்வதேச நீதிமன்றம் 1997இல் தீர்ப்புச் சொன்னது. அதில் தனிக் கருத்துரை எழுதியவர் இலங்கையர் சி. ஜி. வீரமந்திரி. நிலைத்த அபிவிருத்தி என்பது புதிய எண்ணமல்ல என்று காட்ட அவர் எடுத்துவைத்த சான்று என்ன? இலங்கையின் பழைய குளங்களும் பாசன முறையும்! இரண்டு ஐரோப்பிய நாடுகளின் தகராறுக்கு நம் குளக்கட்டிலிருந்து ஒரு விடை.

கடைசியாக ஒன்று தெரியுமா?

எராஸ்மஸ் மாணவர் பரிமாற்றம் 1987இல் 11 நாடுகள், 3,244 மாணவர்கள் என்று தொடங்கியது. இன்று ஐரோப்பாவுக்கு வெளியே உள்ளவர்களும் போகலாம். முழுநேரப் படிப்பில் ஒரு பருவத்துக்கு 30 ஐரோப்பியத் தரப்புள்ளிகள், ஆண்டுக்கு 60. எங்கள் பல்கலைக்கழகத்தை ஏன் தெரிந்தெடுத்தீர்கள் என்று விண்ணப்பத்தில் கேட்பார்கள். கூச்சப்படாமல் எழுதுங்கள்: நீங்கள் 1809இல் கைவிட்ட சட்டத்தை நாங்கள் இன்னும் நடத்திக்கொண்டிருக்கிறோம், அது உங்களிடம் எப்படிப் பிறந்தது என்று நான் பார்க்க வருகிறேன், எங்களிடம் எப்படி வாழ்கிறது என்று பார்க்க உங்கள் மாணவர் ஒருவரை ஹேவாஹெட்டவுக்கு அனுப்புங்கள். இதற்குப் பெயர்தானே பரிமாற்றம்!