பார்த்து வரைதலும் ஒரு பாடமே

"பார்த்து வரையாதே, சொந்தமாக வரை" என்று மாணவர்களிடம் சொல்லி வந்தவன் நான். கோடை விடுமுறையில் எண்ணெய் வண்ணம் பழகத் தொடங்கிய பிறகே, அந்த அறிவுரை பாதி உண்மைதான் என்று புரிந்தது.

பழகுவதற்கு நான் எடுத்துக்கொண்டது, ஸ்பெயின் ஓவியர் சால்வதோர் டாலி 1931இல் வரைந்த 'நினைவின் நிலைபேறு'. நடுவில் முகம் போன்ற ஓர் உருவம் தரையில் கிடக்கிறது. அதன்மீதும் மரக்கிளையிலும் கடிகாரங்கள் ஈரத்துணிபோலத் தொங்குகின்றன. பின்னால் கட்டலோனியக் கடற்கரைப் பாறைகள். கனவையும் நனவையும் கலக்கும் இப்பாணியை மீமெய்யியல் என்கிறோம். படத்தின் அளவு ஏறத்தாழ 24 × 33 செ.மீ. மட்டுமே, ஏ4 தாளைவிடச் சற்றுப் பெரியது.

முதலில் பழுப்பு வண்ணத்தை டர்பன்டைனில் நீர்க்கக் கரைத்து, ஒளி, நிழல் பகுதிகளைப் பிரித்துக்கொள்ள வேண்டும். அது உலர்ந்தபின் வானம்: கீழே வெளிர் மஞ்சள், மேலே நீலம். வண்ணம் ஈரமாக இருக்கும்போதே உலர்ந்த மென்தூரிகையால் குறுக்காக வருடினால் இரண்டும் இணையும். ஒவ்வொரு வருடலுக்குப் பின்னும் தூரிகையைத் துடைக்க வேண்டும். நான் துடைக்கவில்லை, என் முதல் வானம் பச்சையாகிவிட்டது!

உருவத்தையும் கடிகாரங்களையும் கடைசியில் தீட்ட வேண்டும். மேலே செல்லச் செல்ல எண்ணெயின் அளவு கூட வேண்டும். எண்ணெய் மிகுந்த அடுக்கு மெதுவாக உலரும். அதன்மேல் எண்ணெய் குறைந்த அடுக்கைப் பூசினால், மேலடுக்கு முந்தி உலர்ந்து பின்னர் வெடிக்கும்.

நடக்கவே முடியாத காட்சியை நம் கண் ஏன் நம்புகிறது? வளைந்த கடிகாரத்தின் ஒளியும் நிழலும் பாறையினுடையவை போலவே கவனமாகத் தீட்டப்பட்டிருப்பதால்தான். கற்பனைக்கும் கவனிப்பு தேவை என்பதை என் கையே எனக்குக் கற்பித்தது.

டர்பன்டைனின் நெடியும் எண்ணெய் வண்ணத்தின் விலையும் வகுப்பறைக்கு ஏற்றவையல்ல. நீர்வண்ணமோ மெழுகு வண்ணமோ போதும். ஓர் ஓவியத்தைக் கொடுத்து, மூன்று கேள்விகள் கேட்கலாம்: ஒளி எங்கிருந்து வருகிறது? எதை முதலில் தீட்டியிருப்பார்? எந்த விளிம்பு கூர்மை, எது மென்மை? பிறகு பார்த்து வரையட்டும். கீழே மூல ஓவியரின் பெயரையும் எழுதட்டும். அடுத்த வகுப்பில், தமக்குத் தெரிந்த ஒரு பொருளை வளைத்து வரையச் சொல்லுங்கள்.

என் வகுப்பு மாணவி ஒருத்தி பள்ளி மணியை வேப்பங்கிளையில் துணிபோலத் தொங்கவிட்டாள். நிழல் சரியான பக்கத்தில் விழுந்திருந்தது.