புகையை விட்டபின் உடலும் பழக்கமும்

புகையிலையில் உள்ள நிகோட்டின், புகையை இழுத்த சில நொடிகளிலேயே மூளையை எட்டி, இன்ப உணர்வைத் தூண்டும் டோபமைனைச் சுரக்கச் செய்கிறது. சுமார் 2 மணி நேரத்தில் ரத்தத்தில் அதன் அளவு பாதியாகிவிடும். அளவு குறையக் குறைய உடல் அடுத்த சிகரெட்டையோ பீடியையோ கேட்கும். நாள் முழுதும் சுழலும் இந்தத் தேவைதான் அடிமைத்தனம். விட முடியாமல் தவிப்பவரை மனவுறுதி அற்றவர் என்று பழிப்பது நியாயமன்று.

நிறுத்தியதும் எரிச்சல், பதற்றம், தூக்கக் குறைவு, கவனச் சிதறல், அதிகப் பசி ஆகியவை தலைகாட்டும். முதல் 2, 3 நாட்களில் உச்சத்தைத் தொடும் இவை, பெரும்பாலோருக்கு 2 முதல் 4 வாரங்களில் அடங்கிவிடும். புகைக்கத் தோன்றும் வேகமும் ஒவ்வொரு முறையும் சில நிமிடங்களே நீடிக்கும். தண்ணீர் குடித்தோ சற்று நடந்தோ அந்த நிமிடங்களைக் கடத்திவிடலாம்.

காபியும் கவனத்துக்குரியது. புகையில் உள்ள வேதிப்பொருள்கள், கல்லீரல் காஃபினைச் சிதைக்கும் வேகத்தைக் கூட்டுகின்றன. புகை நின்றபின், வழக்கமாகக் குடிக்கும் அதே காபி ரத்தத்தில் கூடுதல் காஃபினைத் தேக்கிப் படபடப்பைத் தரும். எனவே காபி, டீயைக் குறைப்பது நல்லது. சில மருந்துகளின் அளவையும் மாற்ற வேண்டியிருக்கும் என்பதால், தொடர்ந்து மருந்து உட்கொள்வோர் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

உடலின் தேவை வாரங்களில் ஓயும். பழக்கம் ஓய மாதங்கள் ஆகும். டீக்கடை, சாப்பாட்டுக்குப் பிந்தைய நேரம், வேலை இடைவேளை, நண்பர்களின் அரட்டை என ஒவ்வொன்றும் பழைய ஆசையைக் கிளப்பும். அந்த நேரங்களுக்கு வேறு வேலையை முன்கூட்டியே திட்டமிடுவதும், வீட்டிலிருந்து தீப்பெட்டி, ஆஷ்டிரேயை அகற்றுவதும், விட்டதை நண்பர்களிடம் அறிவிப்பதும் உதவும். பலருக்கு முதல் ஆண்டில் சில கிலோ எடை கூடலாம். நடைப்பயிற்சியும் நொறுக்குத்தீனிக் கட்டுப்பாடும் அதைச் சமாளிக்க உதவும். எடைக்கு அஞ்சி மீண்டும் புகைப்பதுதான் பெருங்கேடு.

தனியாகப் போராட வேண்டியதில்லை. நிகோட்டின் சூயிங்கம், தோலில் ஒட்டும் நிகோட்டின் பட்டை போன்றவை ஏக்கத்தைத் தணிக்கும். சூயிங்கத்தை மிட்டாய்போல் தொடர்ந்து மெல்லாமல், காரம் தெரிந்ததும் கன்னத்தில் ஒதுக்கிவைக்க வேண்டும். வாரெனிக்லின், புப்ரோப்பியான் ஆகிய மாத்திரைகளை மருத்துவர் பரிந்துரைப்படியே எடுக்க வேண்டும். இந்தியாவில் 1800-11-2356 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணில் ஆலோசனை கிடைக்கிறது.

நடுவில் ஒருமுறை புகைத்துவிட்டால் முயற்சியே தோற்றதாகாது. எந்தச் சூழல் தூண்டியது என்று கண்டு, உடனே மீண்டும் நிறுத்த வேண்டும். பலரும் சில முயற்சிகளுக்குப் பிறகே முழுமையாக விடுகிறார்கள்.

பலன் விரைவிலேயே தொடங்குகிறது. ஓரிரு நாளில் ரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு இயல்பு நிலைக்கு இறங்கும். ஓராண்டில் புகையால் கூடிய மாரடைப்பு அபாயம் ஏறத்தாழ பாதியாகும். பிரிட்டிஷ் மருத்துவர்களை 1951 முதல் 50 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு, 30 வயதில் விட்டவர்கள் சுமார் 10 ஆண்டு ஆயுளையும், 60 வயதில் விட்டவர்கள்கூடச் சுமார் 3 ஆண்டு ஆயுளையும் மீட்டதாகக் காட்டியது. சீக்கிரம் விடுவது சிறப்பு; எந்த வயதில் விட்டாலும் பயன் உண்டு.