ஊசி போட்ட தேதி

அமெரிக்கக் கவுன்டி விழாக்களில் பிள்ளைகள் தாங்கள் வளர்த்த பன்றியையும் ஆட்டையும் நடுவர் முன் நடத்திக் காட்டுவார்கள். ரிப்பன் வாங்கிய கையோடு அந்தப் பிராணிகளில் பல ஏலத்துக்குப் போகும், அங்கிருந்து இறைச்சிக்கூடத்துக்கு. வளர்த்த பிள்ளை கொம்பையோ காதையோ பிடித்துக்கொண்டு அழும். அந்தக் கறியை முன்பின் தெரியாத ஒரு குடும்பம் சமைத்துச் சாப்பிடப்போகிறது என்பதைப் பத்து வயதில் எப்படிப் புரியவைப்பது?

1902-இல் ஒஹாயோவில் ஏ.பி. கிரகாம் தொடங்கிய சிறுவர் மன்றத்தைத் தன் தொடக்கமாகக் கொள்ளும் ஃபோர்-எச் இயக்கத்தின் பிள்ளைகள் பலர் இன்று அதைக் கற்றுத்தரும் ‘ஒய்.க்யூ.சி.ஏ.’ என்ற பிராணிப் பராமரிப்புப் பயிற்சியை முடித்துத்தான் விழாவுக்கு வருகிறார்கள். வயது 8 முதல் 21 வரை. சான்றிதழ் ஒரு வருடத்துக்குத்தான் செல்லும்.

பாடத்தின் உயிர்நாடி மருந்துப் புட்டியின் லேபிள் என்றே சொல்வேன். பன்றிக்கு இருமலும் காய்ச்சலும் என்று வைத்துக்கொள்வோம். கால்நடை மருத்துவர் ஆக்ஸிடெட்ராசைக்ளின் என்ற நுண்ணுயிர்க்கொல்லியை எழுதித் தருகிறார். உடம்பில் நீடித்து வேலைசெய்யும் எல்.ஏ.-200 போன்ற வகையில், கடைசி ஊசிக்குப் பின் 28 நாள் கழியாமல் அறுக்கக் கூடாது என்று அச்சிட்டிருக்கும். விழாவுக்கு இருப்பதோ மூன்று வாரம். காலண்டரில் விரல்வைத்து எண்ணுகிற பிள்ளைக்கு, ஏலப் பணம் கைநழுவுவது அங்கேயே தெரிந்துவிடும். அதற்காக மருந்தைத் தள்ளிப்போட்டுப் பன்றியை இருமவிடலாமா? கூடாது. வைத்தியமும் பார்க்க வேண்டும், நாளும் காத்திருக்க வேண்டும். பெரியவர்களே தடுமாறுகிற இந்த இடத்தில் பிள்ளைகளை நிறுத்திப் பழக்குவதை நான் மனதாரப் பாராட்டுகிறேன்.

ஊசியைத் தொடையில் போடக் கூடாது. நல்ல விலைபோகும் கறியில் தழும்பு விழும். காதுக்குச் சற்றுப் பின்னால், கழுத்தில்தான் போட வேண்டும். பிறகு நோட்டில் தேதி, காது வில்லை எண், மருந்து, அளவு, குத்திய இடம், போட்டவர் பெயர், எந்தத் தேதிக்குமேல் அறுக்கலாம் என்பது எல்லாம் ஏற வேண்டும். ஊசி உள்ளே முறிந்துபோனால் அதையும் மறைக்காமல் எழுத வேண்டும்.

கொட்டகையில் எதையும் தின்னாதே, வெளியே வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவு என்பதும் பாடத்தில் உண்டு. 2012 கோடையில், பன்றிகளிடமிருந்து தொற்றிய எச்3என்2 வகைக் காய்ச்சல் அமெரிக்காவில் 300-க்கும் மேற்பட்டவர்களுக்கு வந்தது. பெரும்பாலோர் விழாக்களில் பன்றிகளோடு பழகிய சிறுவர்கள்.

இத்தனையையும் வீட்டுப் பெரியவர்களே கெடுத்துவிடவும் முடியும். உணவுக்கான பிராணிகளுக்கு அங்கே அனுமதியே இல்லாத கிளென்பியூட்டரால் என்ற மருந்தைச் சதை ஏறுவதற்காகக் கொடுத்ததால், 1990-களில் பரிசு வாங்கிய காளைகள் சில தகுதி இழந்தன. ஒஹாயோவில் இப்போது, கறிக்குப் போகும் பிராணிக்கு என்ன மருந்து கொடுத்தார்கள், காத்திருப்பு நாள் முடிந்ததா என்பதைப் படிவத்தில் எழுதித் தர வேண்டும். பிள்ளை மைனர் என்றால், கூடவே பெற்றோரும் கையெழுத்திட வேண்டும்.