வெல்டிங் ஹெல்மெட்: முதல் முறை வாங்குகிறவர்களுக்கு

கோனோ வீடரின் கூம்பில் ஒரு பல் விட்டுப்போனால், பட்டறைக்காரர் வரும்வரை களை காத்திருக்காது. களைக்கொல்லியைத் தொடாத நமக்குக் கருவிதான் எல்லாம். அதனால் சிங்கிள் பேஸ் இன்வெர்ட்டர் வெல்டிங் மெஷின் ஒன்றைச் சொந்தமாக வாங்கி வைத்துக்கொள்ளும் உழவர்கள் இப்போது பெருகி வருகிறார்கள். நல்ல காரியம்தான். ஆனா ஒண்ணு கவனிச்சிருக்கேன். மெஷினுக்கு ஆயிரக்கணக்கில் யோசிக்காமல் கொடுப்பவர், கண்ணுக்கு மட்டும் பெட்டியோடு இலவசமாக வந்த பிளாஸ்டிக் கை ஷீல்டே போதும் என்று விட்டுவிடுகிறார். 'சும்மா ரெண்டு டேக்தானே' என்று கண்ணை மூடிக்கொண்டு பத்த வைப்பவர்களும் உண்டு.

ஆர்க்கில் நம்மை உறுத்துவது வெளிச்சம். கெடுப்பது அதோடு சேர்ந்து வரும் புற ஊதாக் கதிரும் அகச்சிவப்புக் கதிரும். புற ஊதாக் கதிர் பட்டால் கருவிழியின் மேல்தோல் வெந்துபோகும். அப்போதைக்கு ஒன்றும் தெரியாது. ஆறு மணி நேரத்துக்கு மேல் கழிந்து, நடுராத்திரியில் கண்ணுக்குள் மணல் கொட்டினதுபோல் அறுக்கும், நீர் கொட்டும், விளக்கைப் பார்க்க முடியாது. சின்னச் சின்ன டேக்குகளும் ஒரே நாளில் கூடிக்கூடி இதே வேலையைச் செய்துவிடும். பெரும்பாலும் ஓரிரு நாளில் ஆறிவிடும். அதற்குள் தாய்ப்பால், உருளைக்கிழங்குச் சாறு என்று கண்ணில் எதையும் விடாதீங்க. மரத்துப்போகச் செய்யும் சொட்டு மருந்தை மெடிக்கல் ஷாப்பில் வாங்கித் திரும்பத் திரும்ப விடுவது அதைவிடக் கெடுதல், புண் ஆறவே ஆறாது. கண் மருத்துவரிடம் போங்க.

இனி ஹெல்மெட்டுக்கு வருவோம். அதில் முதலில் பார்க்க வேண்டியது கண்ணாடியின் நம்பர். நம்பர் கூடக் கூடக் கருப்பு கூடும். 2.5 மி.மீ. ராடில் 60 முதல் 90 ஆம்பியர் வைத்து ஓட்டினால் 10 நம்பர் கண்ணாடி. 3.15 மி.மீ. ராடுக்கு 11. பண்ணை வேலையில் 12க்கு மேல் தேவைப்படுவது அபூர்வம். கருப்பான நம்பரில் தொடங்கி, உருகும் குழம்பு தெளிவாகத் தெரியும்வரை ஒவ்வொன்றாகக் குறைத்து வரலாம். ஆனால் 60 முதல் 160 ஆம்பியர் வரை 8க்குக் கீழே எக்காரணம் கொண்டும் இறங்கக் கூடாது. கேஸ் கட்டிங் கண்ணாடி 5 நம்பர் மாதிரி இருக்கும், ஆர்க்குக்கு உதவாது. கூலிங் கிளாஸ் எந்தக் கணக்கிலும் சேராது.

இதில் ஒரு குழப்பம் வரும். பட்டறைகளில் 3.15 மி.மீ. ராடைப் பத்தாம் நம்பர் என்றும், 2.5 மி.மீ. ராடைப் பன்னிரண்டாம் நம்பர் என்றும் சொல்வார்கள். ராடுக்கு நம்பர் கூடினால் ஒல்லி, கண்ணாடிக்கு நம்பர் கூடினால் கருப்பு. ரெண்டுக்கும் சம்பந்தமே இல்லை. கடையில் கேட்கும்போது 'பத்தாம் நம்பர் கண்ணாடி' என்று முழுசாகச் சொல்லுங்கள்.

ரொம்பக் கருப்பாக இருந்தால் ரொம்பப் பாதுகாப்பு என்று 13ஐ மாட்டிக்கொள்கிற புதியவர்களும் இருக்கிறார்கள். கோடு தெரியாது. முகத்தைக் கிட்டே கொண்டுபோவார்கள், வெல்டு ஜாயின்ட்டை விட்டு வெளியே ஓடும்.

அடுத்தது, அந்த நம்பரை நம்பலாமா என்பது. வங்கியில் இருந்த காலத்தில் மஞ்சளாக மின்னுகிறது என்பதற்காக யாருக்கும் நகைக்கடன் கொடுத்ததில்லை, உரசிப் பார்க்கத் தனியாக ஆள் வைத்திருந்தோம். புற ஊதாக் கதிரை நிறுத்துகிறதா என்று கண்ணாடியை உரசிப் பார்க்க நமக்கு வழி இல்லை. அதில் இருக்கும் முத்திரைதான் வழி. இந்தியத் தரநிலை ஐ.எஸ். 1179. தானாகக் கருக்கும் கண்ணாடிகளில் ஐரோப்பியத் தரநிலையான இ.என். 379 இருக்கும். அதில் '4/9-13' என்று போட்டிருந்தால், சும்மா இருக்கும்போது 4 நம்பர் அளவு, ஆர்க் வந்ததும் 9 முதல் 13 வரை நீங்கள் திருகி வைத்த அளவு என்று பொருள். பக்கத்திலேயே '1/1/1/2' போல நாலு எண்கள் இருக்கும். பார்வை எவ்வளவு தெளிவு, கருப்பு எங்கும் சீராக இருக்கிறதா என்பதற்கான மதிப்பெண்கள் அவை. 1 நல்லது, 3 மட்டம். எதுவுமே அச்சிடாத கண்ணாடியை ஆயிரம் ரூபாய்க்கு என்ன, நூறு ரூபாய்க்குக்கூட எடுக்க வேண்டாம்.

கை ஷீல்டு, தலையில் மாட்டும் சாதா ஹெல்மெட், தானாகக் கருக்கும் ஆட்டோ ஹெல்மெட் என்று மூன்று வகை கிடைக்கும். கை ஷீல்டு ஒரு கையைப் பிடித்துக்கொள்கிறது. புதிதாகப் பழகுகிறவருக்கு ஹோல்டரை ஆடாமல் பிடிக்கவே ரெண்டு கையும் வேண்டும். சாதா ஹெல்மெட்டில் ராடைக் குறி பார்த்து வைத்துவிட்டு, தலையை ஆட்டி ஹெல்மெட்டைக் கீழே இறக்கி, பிறகு இருட்டில் தட்ட வேண்டும். அதற்குள் ராடு ஒரு விரல்கடை நகர்ந்திருக்கும். கைபழகிய பட்டறைக்காரருக்கு இது ஒரு பொருட்டில்லை. புதியவர் இங்கேதான் பொறுமை இழந்து ஹெல்மெட்டைத் தூக்கிவிட்டுத் தட்டுகிறார். அதனால்தான் சொல்கிறேன், ஆட்டோ ஹெல்மெட் தேர்ந்தவரைவிடத் தொடங்குபவருக்கே அதிகம் தேவை. ஸ்வீடன்காரர்கள் 1981ல் முதன்முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்த இந்தச் சங்கதி, இன்று நம்மூர் ஹார்டுவேர் கடை வரை வந்துவிட்டது.

நல்ல ஆட்டோ கண்ணாடி, கருக்காத நிலையிலும் கண்ணுக்குத் தெரியாத கதிர்களை நிறுத்திக்கொண்டே இருக்கும். கருப்பது வெளிச்சத்துக்காக. அது நொடியில் 25,000ல் ஒரு பங்கு நேரத்தில் நடக்கும். முன்பக்கம் சென்சார் நாலு இருப்பதாகப் பாருங்கள். ரெண்டே இருந்தால், டிரெய்லருக்கு அடியில் குனிந்து பத்த வைக்கும்போது குறுக்கே ஒரு பைப் மறைத்தாலும் கண்ணாடி கருக்காமல் பளீரென்று அடிக்கும். சோலாரோடு மாற்றக்கூடிய பேட்டரியும் இருக்கட்டும். வருஷத்தில் நாலு தடவை எடுக்கிற நமக்கு அது முக்கியம். ஒவ்வொரு தடவையும் வேலைக்கு முன்னால் சென்சாரை வெயிலுக்கு நேராகக் காட்டியோ, சிகரெட் லைட்டரை அதன் முன் தட்டியோ கண்ணாடி கருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். கருக்காவிட்டால் அன்றைக்கு வேலை வேண்டாம். திறந்தவெளியில் சூரியன் முதுகுப் பக்கம் இருந்தால் கண்ணாடியின் உட்புறம் பிரதிபலித்துக் கூசும், மர நிழலுக்கு மாறிக்கொள்ளுங்கள்.

கசடைச் சுத்தியால் தட்டும்போதும் ஆட்டோ ஹெல்மெட்டைக் கழற்ற வேண்டாம். வெல்டிங் வெளிச்சத்தைவிடச் சூடான கசடுத் துண்டு கண்ணுக்குள் போவது மோசம். சாதா ஹெல்மெட் வைத்திருப்பவர்கள் உள்ளே நிறமில்லாத பாதுகாப்புக் கண்ணாடி ஒன்று போட்டுக்கொள்ளட்டும். வெளிப்பக்கத்து வெள்ளைத் தகடு பொறி பட்டுப் பட்டு மங்கும். அது மாற்றுவதற்கென்றே இருப்பது. அந்த அளவு உங்கள் ஊர்க் கடையில் கிடைக்கிறதா என்று ஹெல்மெட் வாங்கும் அன்றைக்கே கேளுங்கள்.

என் வயதுக்காரர்களுக்குத் தனியாக ஒன்று. வெள்ளெழுத்து வந்தவருக்கு எந்த ஹெல்மெட்டைப் போட்டாலும் குழம்பு மங்கலாகத்தான் தெரியும். குறை ஹெல்மெட்டில் இல்லை. படிக்கிற கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதன் மேல் ஹெல்மெட் உட்காருகிறதா என்று கடையிலேயே மாட்டிப் பாருங்கள். மேலே தூரம், கீழே கிட்டம் என்று ரெண்டு பவர் உள்ள கண்ணாடி என்றால் கழுத்தை அண்ணாந்தே இருக்க வேண்டிவரும், ஒரே பவர் கண்ணாடிதான் தோது.

ஹெல்மெட் புகையைத் தடுக்காது. வெல்டிங் புகையும் அதன் புற ஊதாக் கதிரும் புற்றுநோயை உண்டாக்குபவை என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. காற்றோட்டமான இடத்தில் நில்லுங்கள். ஜி.ஐ. பைப் என்றால் பத்த வைக்கிற இடத்தில் துத்தநாகப் பூச்சைச் சுரண்டி எடுங்கள். இல்லாவிட்டால் அன்றிரவே குளிர்காய்ச்சல் மாதிரி உடம்பு நடுங்கும். பருத்தி முழுக்கைச் சட்டை போடுங்கள், பாலியஸ்டர் உருகி ஒட்டும்.

கடைசியாக, பைப்பைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பவருக்கும் ஒரு ஷீல்டு வேண்டும். பெட்டியோடு வந்த அந்த இலவச ஷீல்டை அவருக்குக் கொடுக்கலாம், அதிலுள்ள கண்ணாடியை மட்டும் முத்திரை உள்ள 10 நம்பராக மாற்றிவிட்டு.